வாய்க்கால்காரரின் கம்பி

அந்த வறண்ட நிலத்தில் வருஷத்துக்கு நாலு மழை பெய்தால் அதிகம். நாலில் ஒன்று பேருக்குத் தூறிவிட்டுப் போகும். இன்னொன்று ஆளில்லாத கல்லுக்கும் முள்ளுக்கும் பெய்துவிட்டு மேகத்தைச் சுருட்டிக்கொள்ளும். மிச்சம் இரண்டை நம்பி அங்கே யாரும் விதைப்பதில்லை. பாறைக்குன்றின் அடியில் ஊறும் ஒரே ஒரு ஊற்றை நம்பித்தான் விதைக்கிறார்கள். ஊற்றிலிருந்து நாலு கிலோமீட்டருக்கு ஒரு மண் வாய்க்கால் வருகிறது. அதன் இரண்டு பக்கமும் முப்பத்தொரு நிலங்கள். சோளம், வெங்காயம், ஓரத்தில் கொஞ்சம் முலாம்பழம். நிலங்களைத் தாண்டினால் மணல். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மணல் வீட்டுக்குள் வரும், சோற்றுக்குள் வரும், படுத்திருக்கிறவர் காதுக்குள்ளும் வரும்.

ஊற்று சின்னது. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் யாருக்கும் கால் நனையாது. அதனால் ஒவ்வொரு நிலத்துக்கும் எட்டு நாளைக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம் தண்ணீர். நேரம் வந்ததும் அந்த நிலத்து மடையைத் திறக்க வேண்டும், முடிந்ததும் களிமண் வைத்து அடைக்க வேண்டும். இதைச் செய்வதற்கு ஒரே ஆள்தான். அவரை எல்லோரும் வாய்க்கால்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே என்பார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். யார் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

வயது அறுபத்தொன்று. ஒட்டி உலர்ந்த உடம்பு, இடக்கைப் பழக்கம், காலில் லாரி டயரில் வெட்டிய செருப்பு. இளவயதில் உப்பு லாரியில் கிளீனராக இருந்தவர். பழைய வாய்க்கால்காரர் வேண்டப்பட்டவர்களுக்குக் கால் மணி நேரம் கூட விட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டபோது, யாருக்கும் வேண்டப்படாத ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படிப் பார்த்தால் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவர் என்று சொன்னால் அது அநியாயம். முதல் வருஷம் அவர் எல்லோரையும் நம்பினார். ஒன்பதாவது நிலத்துக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணே அண்ணே என்று உருகுவார். சாப்பிட்டீங்களா, முட்டிவலி எப்படி இருக்கு, அண்ணி சௌக்கியமா என்று விசாரிப்பார். அந்த அண்ணே கரைக்கு அடியில் கை நீளத்துக்கு ஒரு குழாயைப் புதைத்து, எட்டு மாதம் அடுத்தவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே வந்தபோது வாய்க்கால்காரருக்கும் அதில் பங்கு என்று நாலு பேர் பேசினார்கள். அன்றைக்கு ஆடிப்போன மனுஷர், அதற்கப்புறம் யார் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாலும் அந்த ஆளுடைய கரையைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கம்பியும் வந்தது. வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய இரும்புக் கம்பி, நாலடி நீளம், கட்டைவிரல் பருமன். ஒரு முனையைக் கல்லில் தீட்டிக் கூராக்கிக்கொண்டார். கரைமேல் நின்று, வாய்க்கால் பக்கம் பார்த்துச் சாய்வாக ஒரு குத்து. உள்ளே திருட்டுக் குழாய் இருந்தால் முனை டக்கென்று இடிக்கும். இல்லாவிட்டால் களிமண்ணில் மெத்தென்று இறங்கும். இப்படிக் குத்திக் குத்தியே அவர் மூன்று பேரைப் பிடித்திருக்கிறார். பிடிபட்டவர்களுக்குத் தண்டனை எப்போதும் ஒன்றுதான்: மூன்று முறை தண்ணீர் கிடையாது. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் ஓட்டை ஓட்டைதான் என்பது அவர் போட்ட சட்டம். கரையை ஆடு மிதித்து உடைத்தாலும் ஆட்டுக்குச் சொந்தக்காரர் நிலம் காய்ந்தே தீர வேண்டும்.

வீட்டிலும் அந்தக் கண் மூடுவதில்லை. பால் தண்ணீராக இருக்கிறதே என்பார், கதவு கொண்டி வேறு மாதிரி போட்டிருக்கிறதே என்பார். அவர் மனைவிக்குப் பழகிவிட்டது. “உங்ககிட்ட சிரிச்சுப் பேசினாலும் தப்பு, சிரிக்காமப் போனாலும் தப்பு. பாவம், ஜனங்க என்னதான் பண்ணும்?” என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். அந்தக் கண்ணீர் வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று அதையும் ஓரக்கண்ணால் பார்க்கிற ஆளோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்த அம்மா.

அவர்களுக்கு ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்தவன் ஒரு லாரி டிரைவர். வெங்காயம் ஏற்ற வந்தவன், பெண்ணைப் பார்த்துவிட்டுப் பெரியவர்களோடு முறையாக வந்து கேட்டான். வாய்க்கால்காரர் யாருக்கும் சொல்லாமல் அவனுடைய ஊருக்குப் போய் மூன்று நாள் தங்கினார். டீக்கடையில் கேட்டார், பட்டறையில் கேட்டார், முடிவெட்டுகிற கடையில் தாடியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அங்கேதான் அவருக்கு மூக்கு வியர்த்தது. ஒரு மனுஷனைப் பற்றி ஒரு ஈ காக்கைகூடக் குறை சொல்லவில்லை என்றால், எல்லோர் வாயையும் இவன் அடைத்து வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

இருந்தாலும் மகளின் பிடிவாதம் ஜெயித்தது. கல்யாணம் நடந்தது. டிரைவர் லாரியை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தான். வாய்க்கால் வளைகிற இடத்தில் இருந்த தன்னுடைய பதினேழாவது நிலத்தை வாய்க்கால்காரர் அவர்களுக்கு உழுது சாப்பிடக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, நிலத்தையும் தண்ணீர் முறையையும் பெயர் மாற்றிக் கொடுக்கவில்லை. மாற்றினால் ஒரே வாரத்தில் விற்றுவிட்டு லாரி வாங்கிவிடுவான் என்று எண்ணம். மகள் கேட்டதில்லை. மருமகனும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு தந்திரம்தான் என்று அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. இந்தக் கோடையில்தான் தண்ணீர் குறைகிறது என்ற பேச்சு கிளம்பியது.

முதலில் வந்து சொன்னவர் கடைமடைக்காரர், அதாவது வாய்க்கால் முடிகிற இடத்தில் முப்பத்தொன்றாவது நிலம் வைத்திருப்பவர். அவருடைய மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருக்கும், அதில் மூன்று கோடு வெட்டியிருக்கும். முறை நாளில் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொட வேண்டும். இப்போது இரண்டைத் தாண்டவில்லை என்றார். ஊற்றில் குறைந்திருக்கும் என்று வாய்க்கால்காரர் போய்ப் பார்த்தார். ஊற்றடித் தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது. அப்படியானால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். கடைமடைக்காரர் கவலையோடு தலையைச் சொறிந்துகொண்டிருக்க, வாய்க்கால்காரருக்கோ, சொல்லக்கூடாது, உள்ளுக்குள் ஒரு உற்சாகம் பிறந்துவிட்டது. பத்து வருஷமாகக் குழாய்த் திருடன் யாரும் கிடைக்காமல் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது.

நிலம் நிலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினாறாவது நிலம் வரைக்கும் தண்ணீர் சரியாக இருந்தது. பதினெட்டிலிருந்து குறைந்தது. நடுவில் இருப்பது என்ன? பதினேழு. வளைவில் நிற்கிற மருமகன் நிலம்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆரம்பித்தார். என்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். இவர் சொன்னதாகவே வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அந்த வளைவுதான் அவருக்குக் கதி. மற்ற கரைகளுக்கு வாரம் ஒரு குத்து என்றால், வளைவுக்குத் தினம் மூன்று வேளை. காலையில் போகும்போது ஆறேழு இடத்தில், வெயிலில் திரும்பும்போது ஆறேழு இடத்தில், பொழுது சாயும்போது இன்னும் கொஞ்சம். குழாய் எங்கேயும் இடிக்கவில்லை. இடிக்காத ஒவ்வொரு நாளும் மருமகன் எவ்வளவு ஆழமாகப் புதைத்திருக்கிறான் என்று அவருக்கு வியப்பு கூடியது. அவரும் ஆழமாகக் குத்தினார்.

இரண்டாவது வாரம் மருமகன் பாத்தியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இவ்வளவு ஆழமா குத்தணுமா? இந்த இடத்துல களிமண்ணு ரெண்டு விரல்கடைதான், கீழ எல்லாம் மணலு. கரை தாங்காது” என்றான்.

வாய்க்கால்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கரையோடு குடும்பம் நடத்துகிறவருக்கு, நேற்று லாரியிலிருந்து இறங்கியவன் களிமண் பாடம் எடுக்கிறானா? அதுகூடப் பரவாயில்லை. கம்பியைக் கண்டு இவனுக்கு ஏன் இத்தனை பயம்? “கரைக்குத்தானே குத்தறேன், உங்களுக்கு ஏன் வலிக்குது மாப்பிள்ளை?” என்று கேட்டார். மருமகன் பாத்திக்குத் திரும்பிவிட்டான். அன்று முழுக்க வாய்க்கால்காரர் அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துத் தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

அதற்கப்புறம் சாட்சிகள் தாமாகவே வந்து சேர்ந்தன. வளைவை ஒட்டி மருமகனுடைய சோளத்தில் ஒரு பட்டை மட்டும், பத்தடி அகலத்துக்கு, மற்றதைவிடக் கரும்பச்சையாக ஒரு முழம் உயர்ந்து நின்றது. எட்டு நாளைக்கு ஒருமுறை குடிக்கிற பயிர் அப்படி நிற்குமா? தினம் குடிக்கிற பயிர்தான் அப்படிக் கொழுக்கும். பிறகு ஒரு மத்தியானம், முள்மரத்துக்குப் பின்னால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தபோது, மருமகன் கரைமேல் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை சிவப்புச் சேறு. அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கரையில் எதையோ விரலால் அழுத்தினான்.

வாய்க்கால்காரர் மரத்தை விட்டு வெளியே வந்தார். “என்ன மாப்பிள்ளை, கரையில என்ன வேலை?”

அவன் திடுக்கிட்டு எழுந்தான். “ஒண்ணுமில்ல மாமா. சும்மா.”

“சும்மா இருக்கிறவங்க கையில சேறு எப்படி வந்துச்சு?”

அவன் கையைத் துண்டில் துடைத்தான். முகத்தில் ஈ ஆடவில்லை. வாய்க்கால்காரருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நேராக மாவுமில்லுக்குப் போனார்.

மாவுமில் நடத்துகிற அம்மாதான் வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவி. காது மில் சத்தத்தில் பாதி மந்தம், ஆனால் புத்தி மந்தமில்லை. புகாரை முழுக்கக் கேட்டுவிட்டு, பச்சைப் பட்டையும் சேற்றுக் கையும் போதாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறேன், அதற்குள் குழாயைத் தோண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், வராவிட்டாலும் மருமகன் தன் பக்கத்தைச் சொல்லட்டும், சொல்லத் தெரியாமல் நின்றால் மூன்று முறையை வெட்டிவிடலாம் என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு, “நல்லா யோசிச்சீங்களா? சோளம் பால் பிடிக்கிற நேரம். மூணு முறை போனா இருபத்து நாலு நாள். வெறும் தட்டைதான் மிஞ்சும். உங்க பொண்ணு வீட்டுச் சாப்பாடு அது” என்றார்.

மகளென்றும் பார்க்காதவன் என்ற பெயர் கிடைக்கும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூடப் போயிற்று. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். தன் வீட்டுக்காரர் தண்ணீர் திருடவில்லை என்றாள். அப்படியானால் கரையில் எதைப் பூசினான் என்று அப்பா கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், “அதை மட்டும் கேட்காதீங்கப்பா” என்றாள். போய்விட்டாள். அவள் சொல்லாமல் மழுப்பியது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியாகப் பட்டது. மனைவி அதிலிருந்து அவரோடு பேசவில்லை. சோற்றை வைப்பார், தண்ணீர் வைப்பார், போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாய்க்கால்காரர் மண்வெட்டியும் கம்பியுமாக வளைவுக்குப் போனார். அன்று அந்தப் பக்கம் தண்ணீர் விடாத நாள். வாய்க்கால் தரை தெரிந்தது. உள்பக்கமாக இறங்கி, பச்சைப் பட்டைக்கு நேரே கரையைப் பதமாகச் சீவினார். மேல்மண் போனதும் களிமண் பூச்சு தெரிந்தது.

குழாய் இல்லை. பூச்சு முழுக்க ஓட்டை. ஒன்றிரண்டு இல்லை, சல்லடையில் எத்தனை இருக்கும், அத்தனை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். சிலது திறந்து கிடந்தன, அவற்றின் ஓரம் தண்ணீர் அரித்து அகன்றிருந்தது, உள்ளே ஈரமணல் தெரிந்தது. நிறைய ஓட்டைகளில் சிவப்புக் களிமண் திணித்து விரலால் அழுத்தி அடைத்திருந்தது. விரல் ரேகைகூட அழியாமல் இருந்தது. அந்தச் சிவப்பு மண் இந்தக் கரையைச் சேர்ந்ததில்லை. மகள் வீட்டுச் சுவருக்குப் பூசுகிற மண்.

அவர் கம்பியை எடுத்துத் திறந்த ஓட்டை ஒன்றில் விட்டார். இறுக்கமில்லாமல், ஆட்டமில்லாமல் போய் உட்கார்ந்தது.

இந்த மனுஷர் அப்போதும் விட்டுவிடவில்லை, கேளுங்கள். தன்னை மாட்டிவிடுவதற்காக மருமகன் இதே பருமனில் இன்னொரு கம்பி வாங்கிக் குத்தியிருப்பானோ என்று யோசித்தார். அரை மணி நேரம் அப்படி யோசித்தார். பிறகு ஓட்டைகளின் சாய்வைப் பார்த்தார். எல்லாம் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கின. இடக்கைக்காரர் குத்தினால்தான் கம்பி அப்படிச் சாயும். நாலு கிலோமீட்டர் வாய்க்காலில் இடக்கைக்காரர் அவர் ஒருவர்தான். குத்தக் குத்தத் தண்ணீர் மணலுக்குள் இறங்கியிருக்கிறது. இறங்கியது பக்கத்துச் சோளத்தின் வேருக்குப் போயிருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய இவர் இன்னும் குத்தியிருக்கிறார்.

அப்படியே வாய்க்காலுக்குள் உட்கார்ந்துவிட்டார். கோடையின் முதல் குறைச்சல் எதனால் வந்ததென்று யோசித்தார். போன வருஷக் கடைசியில், கம்பி துருப்பிடிக்கிறதே என்று, பொழுதுபோகாமல் இங்கே வந்து பத்து இருபது குத்து குத்திவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. வேறு எங்கும் குத்தவில்லை. இங்கேதான் வந்தார்.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருஷப் பெயர் சும்மா இல்லை. மண்வெட்டியைக்கூட எடுத்தார். ஆனால் சிவப்பு மண்ணில் பதிந்திருந்த விரல் ரேகைகள் எதிரே வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் அவர் போன பிறகு வந்து அடைத்தது. எண்ண ஆரம்பித்தார், அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மூடாமலே எழுந்து மாவுமில்லுக்கு நடந்தார்.

மில் முற்றத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். மருமகன் தூணோரம் நின்றான், மகள் பக்கத்தில் நின்றாள். குழாய் எங்கே என்று தலைவி கேட்டார். வாய்க்கால்காரர் கம்பியை அவர் முன்னால் தரையில் வைத்தார். கரையை ஓட்டை போட்டது இதுதான், குத்தினது நான்தான், போய்ப் பாருங்கள், மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார். நாலு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மருமகன் பேரில் குற்றமில்லை என்று தலைவி சொன்னார். வாய்க்கால்காரருக்கு மூச்சு வந்தது. சோளம் பிழைத்தது என்று நினைத்தார். அப்போது கடைமடைக்காரர் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன்னுடைய ஆடு கரையை மிதித்து உடைத்தபோது, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஓட்டை ஓட்டைதான் என்று சொல்லி மூன்று முறையை வெட்டியவர் யார் என்று கேட்டார். அந்த வருஷம் வெங்காயம் முழுக்கப் போனதே என்றார். அது ஞாயம் என்றால் இதுவும் ஞாயம்தானே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“வெட்டிக்கோங்க. என் முறையை வெட்டிக்கோங்க” என்றார் வாய்க்கால்காரர்.

தலைவி கேட்டார்: “உங்க பேர்ல எந்த முறை இருக்கு?”

பதினேழுதான் இருந்தது. அது ஒன்றுதான் அவருக்கு இருந்தது. மாற்றிக் கொடுத்திருந்தால் அது மகளுடையது, யாரும் தொட்டிருக்க முடியாது. மாற்றவில்லை. திருட்டு என்று வெட்டியிருந்தாலும் அந்தச் சோளம்தான் காய்ந்திருக்கும், உண்மையைச் சொன்ன பிறகும் அதே சோளம்தான் காயப்போகிறது. அதற்குப் பதிலாக என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஆடு மிதித்தபோது ஆட்டுக்காரரும் இதையேதான் கேட்டார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். வேலை இருக்கட்டும், கம்பி இங்கேயே இருக்கட்டும் என்று தலைவி முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மகளிடம், “நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“அவர்தான் முதல்லயே சொன்னாரே, கரை தாங்காதுன்னு. நீங்க வலிக்குதான்னு கேட்டீங்க” என்றாள் மகள். “அதுக்கப்புறம் நான்தான் வேணாம்னேன். வெளிய தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் நீங்க வீட்டுல உட்கார்ந்து அம்மாவைக் குத்திக்கிட்டு இருப்பீங்க. அவர், பரவாயில்ல, தினமும் நான் அடைச்சிடறேன், மாமாவுக்குத் தெரிய வேணாம்னார்.”

“திருடன்னு கூட்டத்துல நிறுத்தினேனே. அப்பவுமா?”

“நீங்க எந்நேரமும் அப்படித்தானே நினைக்கிறீங்க. புதுசா என்ன?” என்றாள். அதைக் கோபமில்லாமல், சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அவருக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் அழுதார். மகள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த நாளே பத்திர அலுவலகத்துக்குப் போய் நிலத்தையும் முறையையும் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். தண்டனை அதற்கு முன்பே விழுந்துவிட்டதால் அதில் ஒரு நிமிஷமும் குறையவில்லை.

பதினேழாவது நிலத்தின் முறை நாள் வந்தது. வெட்டிய முறையென்றாலும் வாய்க்கால்காரர் அந்த மடையைப் புதுக் களிமண்ணால் அடைத்துவிட்டு, மூன்று மணி நேரமும் பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவும் அவர் கொண்டுவந்த வழக்கம்தான். வெயில் ஏறியிருந்தது. சோளத்தின் கதிர்கள் பால் கட்டத் தொடங்கி, தண்ணீருக்கு ஏங்கி இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. மேலே வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. வாய்க்கால்காரர் களிமண்ணைப் பிசைகிறார், பிசைகிறார், பதம் வரவில்லை.

மருமகன் வந்து எதிரே குந்தி உட்கார்ந்தான். அவர் கையிலிருந்த மண்ணை வாங்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டிக் கொடுத்தான். “நல்லா அழுத்தி வைங்க மாமா. கசியக் கூடாது” என்றான்.

குத்திக் காட்டுகிறானோ? உள்ளேயிருந்து அந்தக் கேள்வி, கேட்காமலே எழுந்து வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். அவன் மடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மண் சரியாக உட்கார்கிறதா என்று. ஒன்பது வருஷமாக இவனுடைய கையைக் கவனித்திருக்கிறார், போகிற வருகிற வழியைக் கவனித்திருக்கிறார், மடியில் என்ன இருக்கிறதென்று கவனித்திருக்கிறார். இவ்வளவு கிட்டத்தில் முகத்தைப் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் வெள்ளை மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தார். துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அது மண் இல்லை.

“உங்களுக்கு எப்ப நரைச்சுது மாப்பிள்ளை?”

“அது ஆச்சு மாமா, நாலு வருஷம்” என்றான் மருமகன்.

தண்ணீர் வந்து, அடைத்த மடையைத் தொட்டுவிட்டு, பதினெட்டாவது நிலத்தைப் பார்த்துப் போனது.